பெரிய காற்றும் மாமாவின் வயதும்

கன நாளாக ஒண்டும் எழுதேல்லை. மாஸ்டர் படிப்பின் இரண்டாம் வருசம், ஆய்வேடு எண்டு ஒரு பூதம் தலைக்கு மேல நிக்குது. அதுக்குள்ள இதை எழுதாமல் விட்டால் மறந்து போடுவன்.

என்ரை மாமாவுக்கு இரண்டு பிறந்தநாள். ஒண்டு அம்மம்மா சொன்னது: 1966, ஆவணி மாதம். மற்றது அவரின் பிரெஞ்சுக் கடதாசிகளில் இருப்பது: 1969 ஜனவரி 1. லாச்சப்பலில் ஒரு நாள் நின்று ஆக்களின் அட்டைகளை வாங்கிப் பார்த்தால் ஜனவரி முதலாம் திகதி பிறந்த தமிழர் எத்தனை பேர் எண்டு எண்ணி முடிக்கேலாது. வருசப் பிறப்புக்குப் பிறந்தநாள் கொண்டாடும் இனம் நாங்கள் :-)

மாமாவின் கதை பெரிய மர்மம் ஒண்டுமில்லை. 1990 ஆனியில் கிழக்கில் திரும்பவும் சண்டை தொடங்கின நேரம் கல்லடியில் இருந்து ஓடினதில் பிறப்புப் பத்திரம் எல்லாம் போச்சு. 1992இல் இங்க வந்து சேர்ந்தபோது அவருக்கு மொழி தெரியாது. படிவம் நிரப்பித் தந்த ஆள் முகத்தைப் பார்த்து ஒரு வருசத்தைப் போட்டார். மாமாவுக்கு அப்ப அதைப் பற்றிக் கவலையில்லை, மூன்று வயது குறைந்தது நல்லது எண்டுகூட நினைச்சாராம். இப்பதான் அது திருப்பி அடிக்குது. ஓய்வூதியத்துக்குக் கடதாசி வயதுதான் கணக்கு. முப்பது வருசத்துக்கு மேல உணவகக் குசினியில் நிண்ட முழங்கால், இன்னும் மூன்று வருசம் கூடுதலாக நிக்கவேணும்.

இந்த நேரத்தில்தான் எனக்கு அயர்லாந்துக்காரரின் கதை ஒண்டு கிடைச்சது.

என்னோட படிக்கிற பிள்ளை ஒருத்தி, கோல்வே பக்கம். 2025 ஜனவரி 24 அயர்லாந்தை எயோவின் எண்ட புயல் அடிச்சது ஞாபகம் இருக்கும். முழு நாட்டுக்கும் சிவப்பு எச்சரிக்கை. அவளின்ரை மாவட்டத்தில் இருக்கிற மேஸ் ஹெட் எண்ட இடத்தில் மணிக்கு 183 கிலோமீற்றர் காற்று பதிவானது. 1945இல் இருந்து நிண்ட 182 கி.மீ. சாதனையை ஒரு கிலோமீற்றரால் முறியடிச்சது. 7 இலட்சத்து 68 ஆயிரம் வீடு, கடைகளுக்குக் கரண்ட் இல்லை. சில ஊர்களில் இரண்டு கிழமைக்கு மேல இருட்டு. அவள் இங்க நூலகத்தில் இருந்து தாய்க்கு அடிச்சு அடிச்சுப் பார்க்கிறாள், தொலைபேசி போகேல்லை. அந்த முகம் எனக்கு நல்லாத் தெரிஞ்ச முகம். எங்கட வீட்டில் எத்தனையோ வருசம் ஆக்கள் அந்த முகத்தோடதான் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தவை.

அடுத்த நாள் பின்னேரம் தாய் கதைச்சிட்டா. கூரையில் கொஞ்சம் போச்சாம், வேற பிரச்சினை இல்லை. கோப்பி குடிக்கேக்க அவள் சொன்னாள், "அம்மாவுக்கு இது பெரிய காற்று இல்லையாம். பெரிய காற்று எண்டா 1839தான்." நான் நினைச்சன் பகிடி எண்டு. இல்லை. அவளின் தாய் காணாத, தாயின் பாட்டி காணாத ஒரு இரவை அந்த ஊர் இன்னும் அளவுகோலாக வைச்சிருக்கு.

1839 ஜனவரி 6, ஞாயிறு இரவு. ஐரிஷ் மொழியில் அந்த இரவுக்கே ஒரு பெயர் இருக்கு, 'ஈஹெ ந கீஹெ மோரெ', பெரிய காற்றின் இரவு. முதல் நாள் கடும் பனி கொட்டியிருக்கு. ஞாயிறு பகல் திடீரெண்டு சூடு கூடி, பனி உருகி, காற்று ஒரு சொட்டும் இல்லாமல் போச்சு. தூரத்து வீட்டில் கதைக்கிறது காதில் விழும் அளவுக்கு அமைதியாம். (இந்த இடத்தில் எனக்கு மயிர் கூச்செறிஞ்சது. ஏன் எண்டு பிறகு சொல்லுறன்.) அண்டைக்கு அவைக்குத் திருநாள். கத்தோலிக்க வீடுகளில் கிறிஸ்மஸ் காலம் முடியும் நாள், பெண்களின் கிறிஸ்மஸ் எண்டும் சொல்லுவினம். பொழுது பட மேற்கால, அத்திலாந்திக் பக்கமிருந்து காற்று எழும்பி, நடுச்சாமத்துக்கு மேல நாட்டைப் பிய்ச்சு எறிஞ்சது. வைக்கோல் வேய்ந்த கூரைகள் பறந்தன. அடுப்புத் தணலைக் காற்று கிளப்பி, விழாமல் நிண்ட வீடுகளும் எரிஞ்சன. டப்ளினில் நாலில் ஒரு பங்கு வீடுகளுக்குச் சேதம் எண்டு கணக்கு. 42 கப்பல் உடைஞ்சது. 250 முதல் 300 பேர் வரை செத்திருப்பினம் எண்டு சொல்லுகினம். உலக முடிவு வந்திட்டுது எண்டு சனம் முழங்காலில் நிண்டது. அந்த இரவோட தேவதைகள் எல்லாம் அயர்லாந்தை விட்டுப் போயிட்டினம் எண்டும் ஒரு கதை. அந்தக் கதைதான் எனக்குப் பிடிச்சது, போகிறவை சொல்லாமல்தான் போறவை.

இதுவரைக்கும் சாதாரணப் புயல் வரலாறு. விசயம் இனித்தான்.

1908இல் பிரித்தானிய நாடாளுமன்றம் முதியோர் ஓய்வூதியச் சட்டம் ஒண்டை நிறைவேற்றியது. 70 வயது தாண்டினவைக்கு, வருமானம் குறைவு எண்டால், கிழமைக்கு 5 சிலிங் வரை. 1909 ஜனவரி 1 முதல் காசு. அயர்லாந்து அப்ப பிரித்தானியாவின்ரை கையில். ஏழைக் கிழவன் கிழவிக்கு 5 சிலிங் எண்டது சின்னக் காசில்லை. ஆனால் 70 எண்டு எப்படி நிரூபிக்கிறது? அயர்லாந்தில் எல்லாருடைய பிறப்பையும் கட்டாயமாகப் பதியத் தொடங்கினது 1864இல் மட்டும்தான். 1839க்கு முன்னம் பிறந்த கத்தோலிக்க விவசாயிக்குத் தேவாலய ஏட்டில் பெயர் இருந்தால் அதிர்ஷ்டம்.

அப்ப, கேட்கிற அதிகாரி ஒரு கேள்வி கேட்பாராம்: பெரிய காற்று ஞாபகம் இருக்கா?

எழுபது வருசம் முன்னம் அடிச்ச புயல் சரியாக எழுபது வயது எல்லையில் வந்து நிக்குது பாருங்கோ! 1909 ஜனவரியில் 70 ஆக வேணுமெண்டால் 1839 ஜனவரிக்குள் பிறந்திருக்க வேணும். காற்று ஞாபகம் இருந்தால் வயது சரி. ஆக்கள் வந்து சொன்ன பதில்களில் பேர்போனது, அண்டைக்கு நான் என்ரை கையால உருளைக்கிழங்கு எடுத்துச் சாப்பிடுற அளவு பிள்ளை எண்டது. ஊர் ஊராக இதே உருளைக்கிழங்கு. விண்ணப்பம் எதிர்பார்த்ததை விட எக்கச்சக்கமாக வந்து குவிஞ்சதில் பொய்க்காரரும் நிறையப் பேர் இருந்திருப்பினம். தாய் சொன்ன கதையைத் தன்ரை கதையாகச் சொல்லி 5 சிலிங் வாங்கின அறுபத்தைந்து வயதுக்காரரை நினைக்க எனக்கு ஒரு கோபமும் வரேல்லை.

ஒண்டை யோசியுங்கோ. கணக்குப்படி, 1909இல் சரியாக எழுபது வயதான ஆள் காற்றடிச்ச இரவு கைக்குழந்தை. அதுக்கு ஒண்டும் ஞாபகம் இருக்க முடியாது. உண்மையாகவே ஞாபகம் இருக்கிற ஆளுக்கு 73, 74 ஆவது இருக்கும். அப்ப "ஞாபகம் இருக்கு" எண்டவர் வயதில் கூடினவர், இல்லையெண்டால் பொய் சொல்லுறவர். சரியாக எழுபது ஆன நேர்மையான மனிசன் "எனக்கு ஞாபகம் இல்லை ஐயா" எண்டுதான் சொல்ல வேணும். அவருக்குக் காசு கிடைச்சிருக்குமோ?

நினைவு மட்டுமில்லை, 1841, 1851 குடிசன மதிப்பீட்டு ஏடுகளையும் தேடிப் பார்த்து வயதை உறுதிப்படுத்தினவை. 1922 ஜூன் கடைசியில், உள்நாட்டுச் சண்டையில் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிஞ்சபோது அந்த ஏடுகளில் பெரும்பகுதி சாம்பல். (எரிஞ்ச ஏடுகளைப் பற்றி எங்களுக்கு ஆரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.) ஆனால் கிழவன் கிழவிகளின் ஓய்வூதியத்துக்காகப் பிரதி எடுத்த துண்டுகள் வேறாக இருந்ததால தப்பிட்டுது. இண்டைக்கு அயர்லாந்துக்காரர் தங்கட பூட்டன் பூட்டியைத் தேட அந்தத் துண்டுகளையும் பார்க்கினம்.

இதைக் கேட்ட அண்டைக்கு இரவே லாச்சப்பலுக்குப் போனன். மாமா வேலை முடிஞ்சு வர நடுச்சாமம் தாண்டும், திங்கள் மட்டும் லீவு. அண்டைக்குத் திங்கள். இரண்டாம் நம்பர் மெத்ரோ லாச்சப்பலில் நிலத்துக்கு மேல, இரும்புத் தூண்களில் ஓடுறது. 1903இல் திறந்த பாதை. கீழே கடைகள். வாழைக்காய், முருங்கைக்காய் வாசம், மேல பெட்டி கடகடக்கும் சத்தம். இந்தச் சத்தத்துக்குக் கீழதான் மாமாவின் முழு பாரிஸ் வாழ்க்கையும்.

நான் அதிகாரி மாதிரி நிமிர்ந்து இருந்து கேட்டன், "மாமா, சூறாவளி ஞாபகம் இருக்கா?"

"எந்தச் சூறாவளி புள்ள? ஊரிலயா, இஞ்சயா?"

இஞ்சயும் ஒண்டு இருந்தது எண்டு எனக்கு அப்பதான் உறைச்சது. 1999 டிசம்பர் 26. நான் பிறக்க முன்னம். பிரெஞ்சுக்காரர் இண்டைக்கும் '99 புயல்' எண்டுதான் சொல்லுவினம். லோதார் எண்டது பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகம் வைச்ச பெயர். ஐரோப்பாவின் காற்றழுத்தத் தாழ்வுகளுக்குப் பெயர் வைக்கிற வேலையை அவை 1954 முதல் செய்யினம்.

நத்தாருக்கு அடுத்த ஞாயிறு காலை. மாமாவும் இன்னும் மூன்று பேரும் பிலிப் து ஜிரார் தெருவுக்குப் பக்கத்தில் ஆறாம் மாடியில், லிப்ட் இல்லாத கட்டடத்தில், கூரைக்கு நேர கீழ இருந்தவை. மாணிக்க விநாயகர் கோயில் பஜோல் தெருவுக்கு மாற முதல் அந்தப் பக்கம்தான். பாரிஸ் கூரை துத்தநாகத் தகடு. படத்தில் சாம்பல் நிறத்தில் வடிவாக இருக்கும். அந்தக் கூரை வேலை செய்கிறவைக்கு 2024இல் யுனெஸ்கோ கௌரவமும் கிடைச்சது. உள்ளுக்குப் படுக்கிறவனுக்குத் தெரியும் அது வெயிலுக்குச் சட்டி, மழைக்கு மேளம் எண்டு.

இரவு முழுக்க நத்தார் வேலை செய்து கோப்பை கழுவி, விடிய நாலு மணிக்கு வந்து படுத்த ஆக்கள். விடிஞ்சு கொஞ்ச நேரத்தில் தகடு அலறத் தொடங்கிச்சு. "ஊளையில்ல புள்ள. உறுமல். எனக்கு உடன விளங்கிட்டு. இந்தச் சத்தம் எனக்குத் தெரிஞ்ச சத்தம்." மற்ற மூன்று பேர் யாழ்ப்பாணம், அவை ரயில் எண்டு நினைச்சவையாம்.

மொன்சூரியில் மணிக்கு 169 கி.மீ., ஓர்லியில் 173 கி.மீ. பதிவாகியிருக்கு. கட்டிடக் கூரைகளில் இருந்த புகைபோக்கிச் சட்டிகள் தெருவில் விழுந்து நொறுங்கின. வெர்சாய் மாளிகைத் தோட்டத்தில் மட்டும் 10 ஆயிரம் மரமளவில் சரிஞ்சது. அதில் மரி அந்துவானெத்துக்காக 1783இல் நட்ட துலிப் மரமும் ஒண்டு. அடுத்த நாள் இரவு தெற்கால மார்த்தான் எண்ட இரண்டாவது புயல். இரண்டும் சேர்ந்து பிரான்சில் 90 பேர் அளவில் செத்தவை, 30 இலட்சத்துக்கு மேல வீடுகளில் கரண்ட் போச்சு. காற்று வரும் எண்டு வானிலைக்காரர் சொன்னவைதான், இவ்வளவு வரும் எண்டு சனத்துக்கு விளங்கிற மாதிரிச் சொல்லேல்லை. பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எண்டு மாவட்ட வாரியாக நிறம் போடுற எச்சரிக்கை வரைபடம் இதாலதான் 2001 ஒக்ரோபரில் வந்தது. இண்டைக்கு என்ரை கைத்தொலைபேசியில் 'செம்மஞ்சள்' எண்டு வந்தால் அதுக்குப் பின்னால அந்த ஞாயிற்றுக்கிழமை இருக்கு.

காலை போக முதலே காற்று அடங்கிட்டுது. மற்றவை சேட்டைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்க்க இறங்கப் போனால், மாமா கதவை மறிச்சுக்கொண்டு நிண்டாராம்.

"ஒருத்தரும் இறங்கப்படா. இது கண். மறுகா அடுத்த பக்கத்தால அடிக்கும்."

பொடியள் சிரிச்சாங்களாம். மாமா சிரிக்கேல்ல. கதவிலேயே முதுகை வைச்சு இரண்டு மணித்தியாலம் இருந்தார். காற்று திரும்பேல்ல. மத்தியான வேலைக்குப் பிந்திப் போய் வாங்கிக் கட்டினதுதான் மிச்சம்.

மாமாவின் அறிவில் பிழை இல்லை, இடம்தான் பிழை. எங்கட கடலில் பிறக்கிற சூறாவளி கடல் சூட்டைக் குடிச்சு வளருவது. வட்டமாகச் சுத்தும், நடுவில காற்றில்லாத கண். கண் தலைக்கு மேல போனால் அமைதி, பிறகு மற்றப் பக்கத்துச் சுவர் எதிர்த் திசையால அடிக்கும். ஐரோப்பாவின் குளிர்காலப் புயல் அந்தச் சாதி இல்லை. வடக்கின் குளிர் காற்றும் தெற்கின் சூட்டுக் காற்றும் மோதுற இடத்தில், மேல ஓடுற வேகமான காற்றோட்டம் உறிஞ்சி எடுக்க வளருவது. லோதார் மணிக்கு 100 கி.மீ. அளவு வேகத்தில் நாட்டைக் கடந்து ஓடிச்சு. பாரிஸுக்கு அது கச்சான் திக்கால வந்த காற்று, வந்த வழியே ஒரேயடியாகப் போயிட்டுது. 1839இல் அயர்லாந்தை அடிச்சதும் இதே சாதிதான். நான் இதைப் படம் கீறி விளங்கப்படுத்த, மாமா கேட்டுப்போட்டுச் சொன்னார், "அண்டைக்கு இதை ஆர் புள்ள எனக்குச் சொன்னது?"

சரி, ஊர்ச் சூறாவளி.

1978 நவம்பர் 23, வியாழன் இரவு. மட்டக்களப்பில் அதுக்கு வேற பெயர் தேவையில்லை, 'சூறாவளி' எண்டால் அதுதான். 900 பேருக்கு மேல செத்தவை. 10 இலட்சம் பேர் பாதிக்கப்பட்டவை, 2.5 இலட்சம் வீடு சேதம். மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களில் பத்தில் ஒன்பது பங்கு போச்சு, மீன்பிடி வள்ளங்களில் ஐந்தில் ஒண்டு போச்சு. அடுத்த நாள் அதே புயல் பாக்குநீரிணையைத் தாண்டி ராமநாதபுரம் கரையில் ஏறினது. (அந்தக் கடலுக்கு இது புதுசில்லை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை ரயிலோட சேர்த்து விழுங்கின அதே கடல்.)

புத்தகத்தில இல்லாததை மாமா சொன்னார். ரேடியோவில் அறிவிச்சவங்க, ஆரும் பெரிசா எடுக்கல்ல. முதல் வடக்கால காற்று. கிடுகுக் குசினி முதல் அடியிலேயே போச்சு. அம்மம்மா பிள்ளைகளை எல்லாம் கல்வீட்டு அறைக்குள்ள நெல்லுப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில அடுக்கி, மேல பாயைப் போட்டு, தான் அதுக்கு மேல படுத்தா. அம்மா அப்ப கைக்குழந்தை, நாற்பதாம் நாள் துடக்குக் கழிச்சு ஒரு கிழமை. ஓடு ஒண்டொண்டாக் கழரும் சத்தம், சீட்டுக்கட்டைக் கலைக்கிற மாதிரி. பிறகு திடீரெண்டு ஒண்டுமில்லை. மழையும் இல்லை. தூரத்தில ஆரோ ஆரையோ பேர் சொல்லிக் கூப்பிடுறது தெளிவாக் கேட்டதாம். (மேல சொன்ன மயிர்க்கூச்சு இதுதான். அயர்லாந்தில் அந்த அமைதி காற்றுக்கு முன்னம் வந்தது, எங்களுக்கு நடுவில.) முடிஞ்சுது எண்டு வெளிய போன சனத்தைத்தான் தெற்கால வந்த இரண்டாம் காற்று பிடிச்சது. பக்கத்து வளவில் மாட்டை அவிழ்க்கப் போன மனிசன் திரும்பி வரல்ல.

விடியப் பார்த்தால் தென்னைகள் எல்லாம் தலை திருகிக் கிடந்ததாம். ஒரு கிழமை குரும்பையும் இளநீரும்தான் சாப்பாடு. புதுசா நட்ட தென்னம்பிள்ளை காய்க்க ஆறேழு வருசம் செல்லும், அது காய்க்கத் தொடங்க நாடே மாறிப் போச்சு.

"அப்ப நீங்கள் எத்தனையாம் வகுப்பு மாமா?"

"ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக் கூரையும் இல்ல. மரத்துக்குக் கீழ படிச்சம்."

கடதாசிப்படி அவருக்கு அண்டைக்கு ஒன்பது வயது. ஒன்பது வயதில் ஏழாம் வகுப்புப் படிக்க மாமா என்ன மேதையா? நான் இதை எல்லாம் திகதியோட, சிவிலான பிரெஞ்சில் எழுதித் தாறன், ஒரு சட்டத்தரணியிட்டக் காட்டுவம் எண்டன். 1909இல் ஒரு நாட்டுக்கே இது காணுமா இருந்தது எண்டும் சொன்னன். உருளைக்கிழங்குக் கதையைக் கேட்டுச் சிரிச்சார், கண்ணில தண்ணி வருமட்டும் சிரிச்சார். அதுக்குப் பிறகு சொன்னது சிரிப்பில்லை.

"அவங்கள் தங்கட ஊரில இருந்து கேட்டவங்கள் புள்ள. கேட்கிறவனும் அந்தக் காத்தைப் பத்திக் கேள்விப்பட்டவன். இஞ்ச இருக்கிறவனிட்ட மட்டக்களப்புச் சூறாவளி எண்டு சொன்னா, அவன் முதல் மட்டக்களப்பு எங்க எண்டு தேடோணும்."

நான் ஒண்டும் சொல்லேல்லை. எனக்கும் ஒரு காற்று, இல்லை தண்ணி, இருக்கு. 2004 டிசம்பர் 26. லோதார் அடிச்சு சரியாக ஐந்து வருசம், அதுவும் ஞாயிறு காலை. எனக்கு நாலு வயது. நாவலடிப் பக்கமிருந்து சனம் ஓடி வந்ததை அம்மா சொல்லுவா. எனக்கு ஞாபகம் இருக்கிறது ஒண்டே ஒண்டு, அம்மம்மாவின் கை என்ரை மணிக்கட்டை இறுக்கின இறுக்கு. அது உண்மையாக என்ரை ஞாபகமோ, கேட்டுக் கேட்டு என்ரையாக்கிக் கொண்டதோ எண்டு சத்தியம் பண்ண என்னால ஏலாது. அந்த உருளைக்கிழங்குக் கிழவர்கள் மேல கோபம் வராததுக்கு அதுவும் ஒரு காரணம்.

எண்டாலும் எழுதத் தொடங்கிட்டன். ஆறு பக்கம் வந்திருக்கு. சட்டத்தரணி, திருத்துறது கஷ்டம், ஆனால் சாட்சியம் கெட்டுப் போகாது, கொண்டு வாங்கோ எண்டிருக்கிறார். ஊரில் மாமாவோட ஏழாம் வகுப்புப் படிச்ச இரண்டு பேரைத் தேடிப் பிடிச்சிட்டன், பள்ளிக்கூட வரவு இடாப்பு கிடைக்குமா எண்டு அவை பார்க்கினம். 1978 நவம்பருக்கு முந்தின இடாப்பு எண்டால் கூரையோட போயிருக்கும். 79 எண்டால் ஒருவேளை கிடைக்கும்.

போன திங்களும் இருந்து ஒவ்வொண்டாகக் கேட்டு எழுதினன். பிரெஞ்சில் எழுத எண்ணிக்கை வேணும் எண்டதால, நடுவில வந்த அந்த அமைதி எத்தனை நிமிசம் இருக்கும் எண்டு கேட்டன். மாமா கன நேரம் யோசிச்சார். மேல மெத்ரோ இரண்டு தரம் போச்சு.

"நிமிசம் தெரியா புள்ள. அம்மா நனைஞ்ச விறகில அடுப்பு மூட்டி, தங்கச்சிக்குக் கொஞ்சம் சுடுதண்ணி வைச்சவ. தண்ணி கொதிக்க முதல் திரும்ப வந்திட்டு."

அதை அப்படியே எழுதியிருக்கிறன்.